காஞ்சிபுரத் தறியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு: வெளிநாட்டு உதவி விட்டுச் சென்றதும் நம் கையில் இருப்பதும்

(காஞ்சிபுரத்தில் பெற்றோர், சுய உதவிக் குழுவினர் முன்னிலையில் ஓர் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும்போது "செல்போனை அணைத்து வையுங்கள்" என்று சொல்வது வழக்கம். நான் சொல்லப் போவதில்லை. போன் கையிலேயே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் அதற்கு வேலை இருக்கு.

நான் இந்த ஊர்க்காரி. பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்து, பிறகு ஆசிரியை வேலைக்குப் போனவள். இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் பெரிய தலைப்பு: "நலிந்த மக்களின் தாங்கும் வலுவைக் கல்வி மூலம் கூட்டுவதில் வெளிநாட்டு உதவியின் பங்கு." கேட்டதும் ஏதோ ஐ.நா. சபைக் கூட்டத்துக்கு வந்த மாதிரி இருக்கு. ஆனால் இது நம்ம தெருவில் நடந்த கதைதான்.

தாங்கும் வலு என்றால் என்ன? நெசவாளர் வீட்டுக் கணக்கில் சொல்றேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறுது. தெருவில் பாவு நீட்ட முடியலை. ரெண்டு மாசம் வேலை இல்லை. அல்லது வீட்டுப் பெரியவருக்கு உடம்பு முடியலை. அல்லது ஜரிகை விலை ஏறி, முதலாளி பாவு கொடுக்கலை. இப்படி ஓர் அடி விழும்போது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் அந்த வீடு சமாளிக்குதா? சமாளித்தால் வலு இருக்கு. நிறுத்திவிட்டால் இல்லை. இந்த ஒரு கேள்வியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்க.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் பெருமை எதில் இருக்கு என்று வெளியூர்க்காரரைக் கேட்டால் ஜரிகை என்பார். நம்மைக் கேட்டால் கோர்வை என்போம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து, ஒவ்வொரு இழையிலும் கோத்துக்கொண்டே போகணும். மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் ஒருத்தரால் மூன்றையும் போட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஓர் ஆள் வேணும். அந்த ஆளுக்குப் பெரிய பலம் தேவையில்லை. சின்னக் கை இருந்தால் போதும். அதனால் அந்த இடத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்தது.

கல்யாண முகூர்த்தத்துக்கு நாம் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற கோர்வைக் கரையின் ஓரத்தில், ஒரு காலத்தில், எட்டு ஒன்பது வயசுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. நானும் உட்கார்ந்திருக்கேன். எங்க வீட்டுத் தறிதான், அப்பா பக்கத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் உட்காருவேன். அதை நான் கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் வகுப்பில் என்னோடு மூன்றாவது வரை படித்த பெண்கள் சிலர் நாலாவதுக்கு வரவில்லை. அவங்க உட்கார்ந்தது அப்பாவின் தறியில் இல்லை, வேறொருத்தர் தறியில். காரணம், முன்பணம்.

முன்பணம் எப்படி வேலை செய்யும் என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்றேன். வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு மருத்துவச் செலவு. மாஸ்டர் வீவரிடம் அல்லது தறி வைத்திருக்கிற ஒருத்தரிடம் சில ஆயிரம் ரூபாய் வாங்குவாங்க. வட்டி கிடையாது என்பார். பதிலுக்குப் பிள்ளை அந்தத் தறிக்கு வரணும். வாங்கின காசு தீருகிற வரைக்கும் வேறு இடத்துக்கும் போகக் கூடாது, பள்ளிக்கும் போகக் கூடாது. கூலி ரொம்பக் குறைவு என்பதால் காசு தீராது. நடுவில் இன்னொரு செலவு வரும், இன்னொரு முன்பணம் சேரும். 1976-இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்துவிட்டது. தெருவில் தறிச் சத்தம் மட்டும் மாறவில்லை.

இந்த விஷயம் வெளியுலகத்துக்குத் தெரிந்தது 1990-களின் நடுவில். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு 1996-இல் இந்தியாவின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2003-இல் பட்டுத் தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்று. கர்நாடகத்தின் நூல் ஆலைகள், வாரணாசியின் தறிகள், கூடவே நம்ம காஞ்சிபுரம். ஊர்ப் பெயர் அப்படி வந்ததில் இங்கே பலருக்குக் கோபம். "தொழிலைக் கெடுக்கறாங்க" என்று பேசினாங்க. அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, ஏனென்றால் சேலையை வாங்கி விற்கிற இடத்தில் இருக்கிற லாபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, ஓட்டைக் கூரை வீட்டில் தறி போட்டவரைத்தான் சுட்டினாங்க. ஆனால் எழுதினது பொய் என்று யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பணம் வந்தது இந்தக் காலகட்டத்தில்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., 1992-இல் ஜெர்மனி அரசின் பணத்தில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கு ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் சேர்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நமக்கு நேரடியாக வந்தது அதற்குப் பிந்தைய "இண்டஸ்" திட்டம். 2000-இல் இந்தியத் தொழிலாளர் அமைச்சகமும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் ஒப்புக்கொண்டு, 2004-இல் வேலை தொடங்கியது. இரண்டு நாடும் ஆளுக்கு 2 கோடி டாலர், மொத்தம் 4 கோடி டாலர். தீப்பெட்டி, பட்டாசு, பீடி, செங்கல், பட்டு என்று பத்து அபாயகரமான தொழில்கள். தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்கள்: காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர். அப்போ காஞ்சிபுரம் மாவட்டம் என்றால் செங்கல்பட்டும் சேர்ந்தது, 2019-இல்தான் பிரிந்தது.

திட்டத்தின் அமைப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ஏன்னா அதில் நான் வேலை பார்த்தேன். 5 முதல் 8 வயது வரை நேராகப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கணும். 9 முதல் 13 வரை, நின்று போய் ரொம்ப நாள் ஆன பிள்ளைகள், இடைக்காலக் கல்வி மையத்தில் படித்து வயசுக்கேற்ற வகுப்புக்குத் தயாராகணும். 14 முதல் 17 வரை தொழிற்பயிற்சி. கூடவே அம்மாக்களுக்குச் சுய உதவிக் குழு.

2005-இல் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மையத்தில் எனக்கு வேலை. வாடகை வீடு, இரண்டு அறை, ஒரு கரும்பலகை. கிட்டத்தட்ட ஐம்பது பிள்ளைகள். மதியச் சாப்பாடு உண்டு. மாசம் ஒரு தடவை டாக்டர் வந்து பார்ப்பார். உதவித்தொகை பிள்ளை பெயரில் கணக்கில் போடுவாங்க. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டப் பள்ளிகளில் அது முதலில் மாசம் 100 ரூபாய், பிறகு 150, 2017-க்குப் பிறகு 400.

அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை கஷ்டம். கணக்கில் என்னைவிட வேகம், இழை எண்ணிப் பழகின கை. கோலம் வரையச் சொன்னால் சேலை முந்தானை வரைவாங்க. கஷ்டம் எதில் என்றால், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாங்க. விளையாட விட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் சுவரோரம் நிற்பாங்க. விரல் நுனியில் பட்டு நூல் அறுத்த கீறல், அதில் சுண்ணாம்பு பட்டால் எரியும், அதனால் சாக்பீஸ் பிடிக்க மாட்டாங்க. நான் பல்பம் வாங்கிக் கொடுத்தேன். திட்ட அறிக்கையில் இதெல்லாம் வராது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லணும். பெயர் வேண்டாம், இப்போ இந்த ஊரில்தான் குடும்பத்தோடு இருக்கான். அப்போ பதினோரு வயசு. ஏழு மாசம் ஒழுங்காக வந்தான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு வரைக்கும் வந்துவிட்டான். மழைக்காலம் முடிகிற நேரம், ஒரு திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் இல்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா கண்ணைப் பார்க்காமல் பேசினாங்க. "டீச்சர், அவங்கப்பாவுக்குக் காசநோய்னு சொல்லிட்டாங்க. தறி நின்னு போச்சு. நாலாயிரம் வாங்கிட்டோம். என்ன பண்ணச் சொல்றீங்க?"

என்ன பண்ணச் சொல்ல முடியும்? என்னிடம் கரும்பலகை இருந்தது, சத்துணவு இருந்தது, டாக்டர்கூட இருந்தார். நாலாயிரம் ரூபாய் இல்லை. வெளிநாட்டில் யாரோ வரி கட்டி, அது டெல்லி வழியாக, சென்னை வழியாக இந்தத் தெரு வரைக்கும் வந்து, அந்த வீட்டு வாசல்படியில் நின்று போனது. பள்ளிக்கூடம் இலவசம்தான். ஆனால் அந்த வீட்டுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதன் செலவு நாலாயிரம் ரூபாய். அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

அவன் திரும்பி வந்தான். எப்படி என்றால், அந்த அம்மா இருந்த குழுவில் சேமிப்பும் உள்கடனும் தொடங்கி நாலைந்து மாசம் ஆகியிருந்தது. குழுவில் பேசினாங்க. பெரிய வாக்குவாதம், திருப்பிக் கட்ட மாட்டாங்க என்று இரண்டு பேர் சண்டை. கடைசியில் கொடுத்தாங்க. அம்மா அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மையத்தில் விட்டுவிட்டுப் போனாங்க. அப்பாவுக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். குழுக் கடனைக் கட்டி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நூல் சுற்றித்தான் கட்டினாங்க.

இதே பாடத்தை வேறொருத்தர் பெரிய அளவில் கற்றுக்கொண்டதும் நம்ம ஊரில்தான். "ஹேண்ட் இன் ஹேண்ட்" என்ற அமைப்பு உங்களில் பலருக்குத் தெரியும், சின்னக் காஞ்சிபுரத்தில் அலுவலகம். சுவீடனைச் சேர்ந்த ஒரு தம்பதி தொடங்கிய சிறிய உதவி அமைப்பு அது. ஏ.பி.பி. என்ற பெரிய மின்சாதன நிறுவனத்தின் தலைவராக இருந்த பெர்சி பார்னவிக் பிறகு அதில் சேர்ந்தார். 2002-இல் இங்கே வேலை தொடங்கியது. தறியில் இருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதுதான் முதல் நோக்கம். பள்ளி மட்டும் போதாது, அம்மா கையில் வருமானம் இல்லாவிட்டால் பிள்ளை திரும்பத் தறிக்கே போகும் என்று சீக்கிரமே புரிந்துகொண்டு, பெண்கள் குழு, சிறு தொழில், கடன் என்று அந்தப் பக்கம் திரும்பினாங்க. இங்கே தொடங்கிய அந்த முறையை இன்றைக்கு ஆப்பிரிக்க நாடுகள் வரை கொண்டுபோயிருக்காங்க.

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். பிள்ளைகள் தறியை விட்டதற்கு உதவித் திட்டங்கள் மட்டும் காரணம் என்றால் அது பொய். கூட்டுறவுச் சங்கங்கள் கொஞ்சம் நியாயமான கூலி கொடுத்தன. 1982-இல் வந்த சத்துணவு பல வீடுகளில் ஒரு வேளை அரிசியை மிச்சம் பிடித்தது. 1990-களின் கடைசியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. பத்தாவது, ஐ.டி.ஐ. படித்தவனுக்குக் கம்பெனி பஸ் வாசலில் வந்து நின்றதைப் பார்த்த பிறகு, தறிக்காரர் யாருக்கும் படிப்பின் பலனை விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன் விலையாக இன்றைக்குத் தறியில் உட்கார இளைஞர்களே இல்லை. அது இன்னொரு நாள் பேச வேண்டிய கவலை.

படிப்பை நிறுத்துவது நம்ம ஊரில் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு பெயர் சொல்றேன். 1909-இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பையன், வீட்டு நிலைமைக்காகப் பள்ளியை விட்டு, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். பிறகு சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தார். அவர்தான் பேரறிஞர் அண்ணா. அவருக்குத் திரும்பிப் போக ஒரு வழி கிடைத்தது. அதே காலத்தில் நின்று போன மற்றவங்க பெயர் நமக்குத் தெரியாது.

சரி, இண்டஸ் திட்டம் என்ன ஆனது? 80,000 குழந்தைகள் என்ற இலக்கோடு தொடங்கி, 2009 வாக்கில் முடிந்தது. வெளிநாட்டுத் திட்டம் என்றால் அப்படித்தான், முடிவுத் தேதியோடுதான் வரும். எங்கள் மையத்தின் கரும்பலகையைப் பக்கத்து அங்கன்வாடிக்குக் கொடுத்தோம். அடுத்த வருஷம், 2010 ஏப்ரல் 1 முதல், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் 2021-க்குப் பிறகு சமக்ர சிக்ஷா திட்டத்தோடு இணைந்துவிட்டது.

பணம் எப்போ வேணும்னாலும் நிற்கும் என்பதற்குப் புது உதாரணமும் இருக்கு. இண்டஸுக்குப் பணம் தந்த அதே அமெரிக்கத் தொழிலாளர் துறை, 2025 மார்ச்சில், உலகம் முழுக்கக் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்குக் கொடுத்து வந்த உதவிகளை நிறுத்திவிட்டது. ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் சேர்ந்து அதே ஆண்டு ஜூனில் வெளியிட்ட கணக்குப்படி, 2024-இல் உலகில் 13.8 கோடிக் குழந்தைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் 5.4 கோடிப் பேர் அபாயகரமான வேலையில். எந்த நாட்டிலோ எங்களை மாதிரி ஓர் இரண்டு அறை மையம் அந்த மாசம் மூடியிருக்கும். அங்கே சட்டமும் சாப்பாடும் அம்மாக்கள் குழுவும் ஏற்கெனவே வேர் பிடித்திருந்தால் பிள்ளைகள் தப்பிப்பாங்க. இல்லை என்றால் திரும்ப வேலைக்குத்தான்.

நமக்கு அந்தச் சோதனை கொரோனாவில் வந்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடி, 1 முதல் 8 வகுப்பு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. கல்யாணம் இல்லை, சேலை விற்கலை, தறி ஓடலை. அந்த ஒன்றரை வருஷத்தில் நான் பழையபடி தெருத் தெருவாக நடந்தேன். சின்னப் பிள்ளைகள் தறியில் உட்காரவில்லை, அது நிஜமான மாற்றம். ஆனால் பத்தாவது, பதினொன்றாவது பையன்கள் கறிக்கடையிலும் பெயின்ட் வேலையிலும் இருந்தாங்க. பெண் பிள்ளைகளில் சிலருக்குக் கல்யாணப் பேச்சு. வலு எங்கே குறைச்சல் என்று அப்போ தெரிந்தது: 14 வயசிலிருந்து 18 வயசுக்குள். கல்வி உரிமைச் சட்டம் 14-இல் நின்றுவிடுது. குடும்பத்தின் பொறுமையும் அங்கேதான் தீருது.

இப்போ போனை எடுங்க.

உங்க தெருவில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் இருந்தால் 1098. குழந்தைகள் உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பாங்க. உங்க பெயரைச் சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்ல வேண்டாம். பள்ளி, தேர்வு, சேர்க்கை பற்றிய சந்தேகத்துக்கு 14417. ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கிறதைப் பார்த்தால் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் "பென்சில்" இணையதளத்தில் புகார் பதியலாம். அது நம்ம மாவட்டத்துக்கான அலுவலருக்கு வரும். 2016-இல் திருத்திய சட்டப்படி 14 வயசுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 18 வரை அபாயகரமான தொழிலில் வைக்கக் கூடாது. குடும்பத்துக்கு உதவுவதற்குச் சின்ன விலக்கு இருக்கு, ஆனால் அது பள்ளி நேரம் முடிந்த பிறகு, அபாயம் இல்லாத வேலைக்கு மட்டும். படிப்பு கெடுகிற மாதிரி இருந்தால் அந்த விலக்கும் செல்லாது. ஒரு பிள்ளை 30 நாள் தொடர்ந்து சொல்லாமல் வராவிட்டால் தலைமையாசிரியர் அலுவலருக்குத் தெரிவிக்கணும் என்றும் விதி இருக்கு. 30 நாள் வரைக்கும் நீங்க காத்திருக்காதீங்க. மூன்றாவது நாளே ஒரு எட்டுப் போய்ப் பாருங்க.

"டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, சேர்க்க மாட்டாங்க" என்று பயந்து வீட்டில் வைத்திருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 6 முதல் 14 வயசு வரை அந்தக் காரணத்துக்காக யாரும் மறுக்க முடியாது. சட்டம் அப்படிச் சொல்லுது. இரண்டு வருஷம் நின்ற பிள்ளையாக இருந்தாலும் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்கணும். முன்பு படித்த பள்ளியில் எமிஸ் எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்க. பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் எமிஸிலும் ஒரே மாதிரி இருக்கா என்று இன்றைக்கே பாருங்க. "முருகன்" ஓரிடத்தில் "முருகா" என்று இருந்தால், பன்னிரண்டாவது முடித்த பிறகு உதவித்தொகை வரும்போதுதான் அது இடிக்கும். ஆதாரில் 5 வயசிலும் 15 வயசிலும் கைரேகை, கண் பதிவு புதுப்பிக்கணும், மறக்கிறவங்க நிறைய.

14 முதல் 18 வரைக்கும் வலு சேர்ப்பது இந்தத் திட்டங்கள்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் மேற்படிப்புக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய், 2022 முதல். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 முதல். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் உண்டு. பட்டப்படிப்பு மட்டும் என்று நினைக்காதீங்க, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி மூலமாகப் போகும். பணம் ஆதார் இணைத்த பிள்ளையின் கணக்குக்கு வரும். கணக்கு உபயோகம் இல்லாமல் முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிப் போயிடும், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நூறு ரூபாய் போட்டு எடுங்க.

உங்க வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்க. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை அதில்தான் கிடைக்கும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றும் இ-சேவை மையத்தில் போடலாம். முதலில் குடிமக்கள் அணுகல் எண், கேன் என்று சொல்வாங்க, அதைப் பதியணும். போட்ட மனுவின் எண்ணை வைத்து நிலவரத்தைப் போனிலேயே பார்க்கலாம். ரசீது கேட்டு வாங்குங்க. கவுன்சிலிங் வந்த பிறகு ஓடாமல், பிள்ளை பதினொன்றாவது படிக்கும்போதே இதை முடித்து வைத்தால் நிம்மதி.

அம்மாவின் கைக் காசைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது நம்ம காஞ்சிபுரத்தில்தான். தொடக்கப் பள்ளியில் காலை உணவும் இருக்கு. கைத்தறி வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் அன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்ட நாலாயிரம் கொஞ்ச மாசத்தில் சேர்ந்துவிடும். ஆனால் அடி விழுகிற அன்றைக்குக் கையில் இருக்கணுமே. அதற்குக் குழுவில் உள்கடன் நடக்கணும். உங்க குழுவில் கடைசியாக எப்போ உள்கடன் கொடுத்தீங்க? வங்கிக் கடனை வாங்கிச் சமமாகப் பிரித்துக்கொள்வதோடு நின்று போன குழுக்கள் நிறைய இருக்கு. கோபப்படாதீங்க, தெரிந்துதான் சொல்றேன்.

ஒரு எச்சரிக்கை. "உங்க பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க, இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று வாட்ஸ்ஆப்பில் பேசினால் உடனே வையுங்க. பிள்ளை பெயர், பள்ளி பெயர் எல்லாம் சரியாகவே சொல்லுவாங்க. பணம் வாங்குவதற்கு யாரும் ஓ.டி.பி. கொடுக்கத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீங்க. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். ஒரகடம் பக்கம் வேலை. அவன் பெண் இப்போ நாலாவது. போன மாசம் கடைத்தெருவில் பார்த்தேன். "டீச்சர், இவளுக்குத் தறியைக் காட்டக் கூட்டிப் போறேன், எங்க சித்தப்பா வீட்டில் ஒண்ணு இன்னும் ஓடுது" என்றான். அந்தப் பாப்பா, "அது எப்படிப்பா கரை தனியா வரும்?" என்று கேட்டுக்கொண்டே போச்சு.

பின்னாடி மேசையில் இ-சேவை ஆட்கள் இரண்டு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்காங்க. பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளின் அம்மா அப்பா முதலில் போங்க. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று எடுத்து வந்திருந்தால் முதல் பட்டதாரி மனுவை இன்றைக்கே போட்டுவிடலாம். எடுத்து வராதவங்க வீட்டுக்குப் போன் பண்ணிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஆறு மணி வரைக்கும் இருப்பாங்க, நானும் இருக்கேன்.